காணியைத் தேடி வரும் கடிதங்கள்

முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வருகின்றது. கோடு போட்ட மஞ்சள் தாள். கையால் எழுதியது போன்ற எழுத்து. உங்கள் வீட்டை வாங்க விரும்புவதாகவும், திருத்த வேலை எதுவும் தேவையில்லை என்றும், பணத்தை உடனே தருவதாகவும் அதில் எழுதியிருக்கின்றது. கீழே ஒரு தொலைபேசி இலக்கம். வீட்டை விற்கப் போவதாக நீங்கள் எவருக்கும் சொல்லவில்லை. அப்படியாயின் இவர் எப்படி உங்களைத் தேடிப் பிடித்தார்?

எமது நிலையத்துக்கு வரும் ஒரு தாயின் மகள் அமெரிக்காவில் இருக்கின்றார். கணவர் இறந்து சில மாதங்களுக்குள் மகளுக்கு இவ்வாறான கடிதங்கள் ஐந்தாறு வந்துவிட்டன. அவற்றைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பியிருந்தார். “ஆர் பிள்ளை இவை? செத்தவீடு நடந்தது இவைக்கு எப்பிடித் தெரியும்?” என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். அதற்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். இது வேறு நாட்டுக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் சகோதரிகளே. இதில் எமக்கும் பாடம் உண்டு.

பட்டியலில் தொடங்கும் வியாபாரம்

அமெரிக்காவில் காணி, வீடுகளின் உரிமை விபரங்கள் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவுகளாகும். உரிமையாளரின் பெயர், வரி அறிவித்தல் போகும் முகவரி எல்லாம் அதில் இருக்கும். இறந்தவரின் சொத்துத் தொடர்பான நீதிமன்ற வழக்குகளும், வங்கிக் கடன் கட்டாமல் ஏலத்துக்கு வரும் வீடுகளின் அறிவித்தல்களும் அவ்வாறே. இவற்றைச் சேர்த்துப் பட்டியலாக விற்பதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன.

வீடு வாங்கி விற்பவர்கள் இந்தப் பட்டியல்களை விலைக்கு வாங்குகின்றனர். அவர்கள் விரும்பித் தெரிவு செய்வது யாரை? வேறு ஊரில் வசிக்கும் உரிமையாளர், அண்மையில் சொத்து முதுசமாகக் கிடைத்தவர், வரி கட்டத் தவறியவர், கடனில் மூழ்கியவர், விவாகரத்துப் பெற்றவர். இவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் போடுகின்றனர். கையெழுத்துப் போலத் தோன்றுவது பெரும்பாலும் அச்சு எழுத்துத்தான். நூறு கடிதங்களுக்கு ஒரு பதில் வந்தாலும் போதும், அதற்கும் குறைந்தாலும் இலாபம் உண்டு என்பது அவர்களுடைய கணக்கு. முதற் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் சில வாரங்களில் அடுத்தது வரும். இன்று விற்க மனமில்லாதவருக்கும் ஆறு மாதத்தில் ஒரு கஷ்டம் வரலாம் அல்லவா? அந்த வேளையில் தம்முடைய கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆகவே, அவர்கள் தேடுவது நல்ல வீட்டை அல்ல. அவசரத்தில் இருக்கும் உரிமையாளரையே தேடுகின்றனர்.

விலை எங்கிருந்து வருகிறது?

இத்தொழிலில் “70 வீத விதி” என்று ஒன்று உண்டு. திருத்திய பின் 2 இலட்சம் டொலருக்கு விற்கக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 70 வீதம் 1 இலட்சத்து 40 ஆயிரம். திருத்த வேலைக்கு 30 ஆயிரம் என்றால் அதையும் கழிப்பார்கள். உரிமையாளருக்குச் சொல்லப்படும் விலை 1 இலட்சத்து 10 ஆயிரம் மட்டுமே. இதில் களவு எதுவும் இல்லை. தம்முடைய இலாபத்தை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் அவர்கள் பேச வருகின்றனர். வீட்டின் பெறுமதி தெரியாத ஒருவருக்கு அந்தத் தொகை பெரிதாகவே தோன்றும்.

சிலர் வீட்டை வாங்குவதே இல்லை. உரிமையாளரோடு ஒப்பந்தம் ஒன்றை எழுதி, அந்த ஒப்பந்தத்தை வேறொருவருக்குக் கூடிய விலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு இடையில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்வர். இதனால் பலர் ஏமாற்றமடைந்ததை அடுத்து, இலினோய் மாநிலத்தில் 2019இல் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் உரிமம் பெற வேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டது.

அவசரமாகப் பணம் தேவைப்படுபவருக்கு இவ்வாறான விற்பனை சில வேளைகளில் உதவியாகவும் இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு பெறுமதியை விட்டுக்கொடுக்கின்றோம் என்று தெரிந்து விற்பது வேறு, தெரியாமல் விற்பது வேறு.

ஒரு பங்கால் போகும் முழுக் காணி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் காணிகள் பல, மரணசாசனம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வந்தவை. எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். தூர நகரத்தில் இருக்கும் ஒரு பங்காளியிடம் அவருடைய சிறு பங்கை மட்டும் ஒருவர் வாங்கிவிடுவார். பின்னர் பங்காளி என்ற உரிமையோடு நீதிமன்றம் சென்று முழுக் காணியையும் ஏலத்தில் விற்கக் கேட்பார். அந்த மண்ணிலே பிறந்து வளர்ந்தவர்கள் குறைந்த விலைக்குக் காணியை இழந்து வெளியேறினர். இதைத் தடுப்பதற்காக 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டது. மதிப்பிடப்பட்ட விலைக்கு அந்தப் பங்கை வாங்கும் வாய்ப்பை ஏனைய பங்காளிகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்கின்றது அது. பல மாநிலங்கள் அதனை ஏற்றுக்கொண்டுள்ளன.

எமது ஊர்களில்

எமது பிரதேசங்களில் இப்படிக் கட்டுக்கட்டாகக் கடிதம் வருவதில்லை. ஆனால் பட்டியல் இங்கும் உண்டு. அது தரகரின் மனத்தில் இருக்கின்றது. எந்த வளவு பற்றையாகக் கிடக்கின்றது, எவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில், எந்தப் பெண்ணின் கணவர் காணாமற்போனவர், யார் நுண்கடன் கட்ட முடியாமல் திண்டாடுகின்றார் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. “வேலியும் இல்லாமல் கிடக்கிற காணி, நல்ல விலை வரேக்கை குடுத்திட வேணும் அக்கா” என்று அன்பாகத்தான் பேச்சுத் தொடங்கும். விலை பேசப்படுவது பெரும்பாலும் அன்றைய கஷ்டத்தின் அளவுக்கே. பரப்புக்கு அயலில் என்ன விலை போகின்றது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.

கையெழுத்து வைக்க முன்

முதலாவது, காணி எந்த வகை என்று பாருங்கள். உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்க முடியாது. “நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்தை மட்டும் வையுங்கள்” என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, 1840ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் எழுத்தில் செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தால், அதில் உள்ள அதிகாரத்தின்படி மற்றவர் உங்கள் பெயரிலேயே காணியை விற்கவும் கூடும் என்பதை மறக்காதீர்கள். மூல உறுதியை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதி போதும்.

மூன்றாவது, வடபகுதித் தமிழருக்குரிய தேசவழமையில், திருமணமான பெண் தனது சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் அல்லது கைவிட்டுச் சென்றிருந்தால், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி பெறலாம். கணவர் காணாமற்போனவர் என்பதால் அவருடைய பெயரில் நீங்களே ஒப்பமிடலாம் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்காவது, பங்குக் காணியாயின் சகோதரங்களோடு முதலில் பேசுங்கள். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வுச் சட்டம், வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் வாங்கும் முதல் உரிமையைக் கொடுக்கின்றது. அமெரிக்காவில் 2010இல் வரைந்த பாதுகாப்புக்கு ஒப்பான ஒன்று எம்மிடம் அதற்கு முன்பே இருந்திருக்கின்றது. அதைப் பயன்படுத்துவது எமது கையில் உள்ளது.

ஐந்தாவது, விலையை வாங்க வருபவரிடம் கேட்காதீர்கள். அயலில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். முடிந்தால் மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள். காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி உங்கள் காணியின் பதிவைப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாமல் ஏதும் எழுதப்பட்டிருந்தால் அங்கே தெரியவரும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

காணியை விற்பது குற்றமல்ல. பிள்ளையின் படிப்புக்காகவோ வைத்தியத்துக்காகவோ விற்க வேண்டிய நிலை எவருக்கும் வரலாம். அது உங்கள் சொத்து, உங்கள் முடிவு. ஆனால் இடம்பெயர்வுகளுக்கும் இழப்புகளுக்கும் பின்னர் எமது பெண்கள் பலருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பொருள் அந்தச் சில பரப்பு நிலம்தான். நாளைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்று நெருக்குபவரிடம், “ஒரு மாதம் கழித்து வாருங்கள்” என்று சொல்லப் பழகுவோம். உண்மையில் வாங்க விரும்புபவர் திரும்பி வருவார்.

இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் காணியின் பெயர், உறுதி இலக்கம், பரப்பளவு, பங்காளிகள், அயலில் போகும் விலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். உறுதியோடு சேர்த்து வையுங்கள். உங்கள் மகளுக்கும் அதைக் காட்டி விளங்கப்படுத்துங்கள்.