வீங்கும் எஃகு: கல்பாக்கத்தில் அன்றும் இன்றும்

எட்டயபுரம் பக்கம் வீடு கட்டியவர்களுக்குக் கரிசலின் குணம் தெரியும். மழைக்கு உப்பும், கோடைக்குப் பாளம் பாளமாய் வெடிக்கும், அஸ்திவாரத்தையே அசைக்கும். எஃகுக்கும் அப்படியொரு வீக்கம் உண்டு. வேக நியூட்ரான்கள் ஓயாமல் மோதி அணுக்களை இடம்பெயர்த்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் உண்டாகி எஃகு பருக்கும். 1960களில் பிரிட்டனின் டவுன்ரே உலையில்தான் இது தெரியவந்தது.

1985 அக்டோபரில் கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை உயிர்பெற்றபோது இதுவே பெரிய கவலை. எரிபொருள் குழாயின் எஃகு எத்தனை காலம் தாங்கும்? ஓடி முடித்த எரிபொருள் கட்டுகளைத் தடித்த சுவருக்கு அப்பால் இயந்திரக் கைகளால் பிரித்து, அளந்து, அறுத்துப் பார்த்தார்கள். சிறுகச் சிறுக ஏற்றப்பட்ட உலையின் திறன், திட்டமிட்ட 40 மெகாவாட்டை எட்டியது 2022இல்தான். அந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று கேள்வி அணுக்கரு இணைவு உலையின் எஃகைப் பற்றியதாக மாறிவிட்டது. ஐடர் என்னும் பன்னாட்டு இணைவு உலைத் திட்டத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது. இணைவு உலைக்கென்று இங்கே உருவான எஃகில் குரோமியம் 9 சதவீதம், டங்ஸ்டன் 1.4 சதவீதம். நெடுங்காலம் கதிரியக்கம் விடாத மாலிப்டினமும் நையோபியமும் தவிர்க்கப்பட்டன. ஆனால் இணைவு நியூட்ரானின் ஆற்றல் 14 மெகா எலெக்ட்ரான் வோல்ட். அது எஃகுக்குள்ளேயே ஹீலியத்தை உண்டாக்கும். அதே அளவு சேதத்துக்கு ஈனுலையில் உண்டாவதைவிடப் பல பத்து மடங்கு. அந்த ஹீலியம் படிக எல்லைகளில் தங்கி எஃகை நொறுங்கச் செய்யும். ஈனுலையில் தேறியது இணைவு உலையிலும் தேறும் என்று சொல்ல முடியாது.

கல்பாக்கத்தில் இப்போது முடுக்கியிலிருந்து அயனிகளைப் பாய்ச்சிச் சோதிக்கிறார்கள். சேதம் விரைவில் சேர்கிறது. ஆழமோ மைக்ரான் கணக்கில்தான். காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 14 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் மூலம் உண்டு, ஆனால் ஆண்டுக்கணக்கான சேதத்தைக் காட்டும் வலிமை அதற்கில்லை. ஸ்பெயினின் கிரானடா அருகே அமையும் டோன்ஸ் என்னும் நியூட்ரான் மூலம் இந்தச் சோதனைக்கென்றே வடிவமைக்கப்பட்டது: 40 மெகா எலெக்ட்ரான் வோல்ட் டியூட்டீரியக் கற்றை, நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடும் உருகிய லித்தியத்தில் மோதி நியூட்ரான்களைத் தரும். கற்றையின் திறன் 5 மெகாவாட். லித்தியம் வேகம் குறைந்தால் கொதித்துவிடும். கடும் நியூட்ரான் மழை விழும் இடமோ அரை லிட்டருக்குள் அடங்கும். ஆகவே மாதிரிகள் பொத்தான் அளவுக்குச் சிறுக்க வேண்டும். அந்தத் துணுக்குகளிலிருந்து எஃகின் வலிமையைக் கணிக்கும் வித்தையில் கல்பாக்கத்துக்குக் கைப்பழக்கம் உண்டு. நமக்கென்று அப்படியொரு மூலத்தை வடிவமைக்கும் வேலையை, எஃகை உருவாக்கிய கல்பாக்கத்து ஆய்வாளர்களை வைத்தே இப்போது தொடங்க வேண்டும்.