உயரம் மட்டும் போதுமா?
புதுதில்லி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்வு செய்கின்றன. அதற்குப் பெரும்பாலும் கல்லூரி ஆட்டங்களே உரைகல். வலுவான எதிரணியிடம் ஒருவர் எப்படி ஆடினார், தடுப்பாட்டத்துக்கு எவ்வளவு விரைவில் திரும்பினார் என்பதைத் தேர்வாளர்கள் பருவம் முழுவதும் கவனிக்கின்றனர்.

கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி வீரர் சிம் புல்லரின் உயரம் 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக இரு பருவங்கள் ஆடிய அவரை 2014-இல் எந்த அணியும் தேர்வு செய்யவில்லை. அவரது வேகம் குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. மறு ஆண்டு சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக 3 ஆட்டங்களில் சில நிமிடங்களே ஆடினார்.

பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தைச் சேர்ந்த சத்னம் சிங்குக்கு அந்த உரைகல்லும் கிடைக்கவில்லை. லூதியானாவில் பயின்று, 2010-இல் புளோரிடா சென்ற அவர் கல்லூரி அணி எதிலும் ஆடவில்லை. 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-ஆவது வீரராகத் தேர்வு செய்தது. இந்தியாவில் பிறந்து இப்பெருமை பெற்ற முதல் வீரர் அவரே. ஆயினும் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டிகளும் அகில இந்தியப் போட்டிகளும் சில நாள்களிலேயே முடிந்துவிடுகின்றன. உயரமான இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. அவர்களது திறனை ஆட்டத்துக்கு ஆட்டம் அளந்தறியும் களத்தை யார் அமைப்பது என்பதே விடை காணப்படாத கேள்வி.