உறவும் தொடர்பும்: சமூக ஊடகத்தின் தேவை குறித்த ஒரு மொழியியல் நோக்கு

அன்புக்குரியவர்களோடு இணைந்திருக்கச் சமூக ஊடகம் தேவையா என்னும் வினா பலராலும் எழுப்பப்படுகிறது. ஆங்கிலத்தில் பிறந்த இவ்வினா தமிழுக்கு வரும்போது அதன் நடுச்சொல் இரண்டாகப் பிரிகிறது. தொடர்பு வேறு, உறவு வேறு. பத்தாண்டு பேசாதிருந்தாலும் அண்ணன் அண்ணனே. அங்கு அறுந்தது தொடர்பு மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் எச்சொல்லைத் தேர்கிறாரோ அதனைப் பொறுத்து விடையும் மாறும்.

செய்தி உணர்த்துவதற்கன்றி உறவை நிலைநிறுத்துவதற்கே நிகழும் பேச்சினை மாலினோவ்ஸ்கி 1923-இல் தனி வகையாகச் சுட்டினார். யாக்கோப்சன் 1960-இல் அதனை மொழியின் ஆறு செயற்பாடுகளுள் ஒன்றாக்கினார். தமிழில் 'சாப்பிட்டாயா?' என்னும் வினாவும், கடிதத்தின் 'நலம், நலமறிய அவா' என்னும் தொடக்கமும் இவ்வகையின. இந்தியத் தந்தித் துறையோ வாழ்த்துத் தொடர்களுக்கு எண்களே கொடுத்திருந்தது. அனுப்புநர் எண்ணைக் குறித்தால் பெறுநருக்கு முழுத் தொடரும் போய்ச் சேரும். 2013 ஜூலையில் அச்சேவை நின்றது. வாட்ஸ்ஆப்பில் நாள்தோறும் வரும் காலை வணக்கப் படம் அவ்வெண்ணின் வழித்தோன்றல் எனலாம். ஆயத்த வாழ்த்தினைச் சமூக ஊடகம் விளைவித்த கேடாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

உண்மையான வேறுபாடு விளிப்பில் உள்ளது. கடிதம் 'அன்புள்ள அம்மாவுக்கு' என நான்காம் வேற்றுமையில் தொடங்கும். அவ்வுருபே பெறுநரை வரையறுத்துவிடும். அதன்பின் நீ, நீங்கள் என்னும் தேர்வும் வினைமுற்று விகுதியும் உறவின் நிலையைத் தொடர்தோறும் புதுப்பிக்கும். பாட்டி முதல் பேத்தி வரை இடம்பெறும் குடும்பக் குழுவில் எழுதுவோர்க்கு இத்தேர்வு இடர்ப்பாடானது. 'வந்துவிடு' என்பது மூத்தோர்க்கு ஒவ்வாது. 'வந்துவிடுங்கள்' என்பது பன்மைக்கும் மரியாதைக்கும் பொதுவாகலின் ஒருவாறு பொருந்தும். முன்னிலையை அறவே விலக்கி 'வாழ்த்துகள்', 'ஊர் வந்து சேர்ந்தாயிற்று' என முடிப்பதும் உண்டு. ஆங்கிலத்தின் 'யூ' இச்சிக்கலை மறைத்துவிடும், தமிழோ வெளிப்படுத்தும். குழுவில் காணாமற்போவது பாட்டி பேத்தியை நோக்கிச் சொல்லும் அந்த 'நீ'.

இவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டுமன்று. முகநூல் பயன்படுத்தும் 1,910 பேரை ஆராய்ந்து பர்க், கிரவுட் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நோக்கத்தக்கது. நெருங்கியோர் ஒருவருக்கென்றே எழுதி அனுப்பியவை அவருடைய மனநலம் மேம்படுவதோடு தொடர்புற்றிருந்தன. ஒரு சொடுக்கில் இடும் விருப்பக் குறியும் பலருக்கும் பொதுவான பதிவும் அவ்வாறு இல்லை. (ஆய்வாளருள் ஒருவர் அந்நிறுவனத்திலேயே பணியாற்றியவர் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.) ஆக, பயன் தந்தது ஊடகம் என்பதைவிட முன்னிலை என்பதே பொருத்தம். அப்பயனைக் கடிதமும் தரும், தொலைபேசியும் தரும்.

எனினும் கடிதமே போதும் என்று முடிவு கட்டிவிட இயலாது. பிரித்தானியாவில் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய்மார்களையும் ஊரில் விடப்பட்ட அவர்தம் பிள்ளைகளையும் மதியானு, மில்லர் இருவரும் ஆராய்ந்து 2012-இல் நூலாக்கினர். கடிதமும் ஒலிநாடாவும் மட்டுமே இருந்த காலத்தில் ஒரு வினாவுக்கு விடை வரப் பல நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளையின் காய்ச்சலே தணிந்திருக்கும். கைப்பேசியும் இணையமும் வந்தபின் அன்றாடத் தாய்மை மீண்டும் இயல்வதாயிற்று எனத் தாய்மார் கருதினர். பிள்ளைகளின் மதிப்பீடு அவ்வளவு ஒருமுகமாக இல்லை. சிலர் அடிக்கடி வந்த அழைப்புகளைத் தலையீடாகவே உணர்ந்தனர். தாய்க்குக் கவனிப்பாகத் தோன்றியது பிள்ளைக்குக் கண்காணிப்பாகத் தோன்றியது எனலாம்.

பல ஊடகங்கள் எளிதிற் கிட்டும் நிலையில், அவற்றுள் எதனைத் தேர்கிறோம் என்பதே பொருளுடையதாகிவிடுகிறது என்பது இவ்விருவரின் முக்கியக் கருத்து. அழைக்க இயலும்போது குறுஞ்செய்தி அனுப்புவது ஒரு கூற்று. தாயின் அழைப்பை ஏற்காமல் பொதுப் பக்கத்தில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து இடுவது மற்றொரு கூற்று. அத்தகைய வாழ்த்தினை மொழிபெயர்ப்போர், அதில் 'அம்மா' என்பது விளியா, ஊரார்க்கு அறிவிக்கும் படர்க்கைப் பெயரா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியவராகின்றனர்.