ஹார்மோன் மட்டும் போதாது

ஆடு சினைக்கு வருவதற்கும் குரங்கு பருவமடைவதற்கும் காரணம் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி விளக்கம்தான். ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு ஓடினாலும், அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. 1978இல் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் ரீசஸ் குரங்குகளிடம் செய்த சோதனையைப் பாருங்கள். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சேதப்படுத்தப்பட்டதால் அவற்றின் இனப்பெருக்க ஹார்மோன்கள் நின்றுபோயிருந்தன. ஜி.என்.ஆர்.எச். என்ற மூளை ஹார்மோனை மணிக்கு ஒருமுறை, ஆறு நிமிடம் மட்டும் செலுத்தியதும் பிட்யூட்டரி சுரப்பி அவற்றை மறுபடி சுரந்தது. அதையே இடைவிடாமல் செலுத்தியபோது சுரப்பு அடங்கிவிட்டது. ஓயாத தூண்டுதலில் பிட்யூட்டரியின் ஏற்பிகள் மந்தமாகிவிடுகின்றன. மிகச் சிறு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போட மருத்துவர்கள் தரும் ஊசி இந்தத் தன்மையைத்தான் பயன்படுத்துகிறது.

அந்த ஜி.என்.ஆர்.எச்.ஐத் தூண்டிவிடுவது எது? 2003இல், பருவமடையாத சிலரிடம் ஜி.பி.ஆர்.54 என்ற ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. அதே மரபணு நீக்கப்பட்ட எலிகளும் பருவமடையவில்லை. அந்த ஏற்பியில் வந்து சேரும் பொருள் கிஸ்பெப்டின்; அதுதான் ஜி.என்.ஆர்.எச்.ஐத் தூண்டுகிறது. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனை உணரும் முக்கிய ஏற்பி, ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்பணுக்களில் கிட்டத்தட்ட இல்லை. கிஸ்பெப்டின் சுரக்கும் நரம்பணுக்களில் நிறைய உண்டு. எலியின் ஹைப்போதலாமஸில் இந்த நரம்பணுக்கள் இரண்டு கூட்டங்களாக இருக்கின்றன. ஒரே ஈஸ்ட்ரோஜன் ஒரு கூட்டத்தில் கிஸ்பெப்டின் உற்பத்தியைக் குறைக்கிறது, மற்றொன்றில் கூட்டுகிறது. பின்னதன் வேகத்தில்தான் கருமுட்டை வெளியேறுகிறது. ஹார்மோனின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்த முரண் விளங்கவே விளங்காது.

இதற்கு வலுவான மறுப்பு 2011இல் வந்தது. பிறப்பதற்கு முன்பிருந்தே கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் அழிக்கப்பட்ட பெண் எலிகள் பருவமடைந்து குட்டியும் ஈன்றன. அப்படியானால் இந்த ஏற்பிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? பதில் அதே ஆய்வில் இருக்கிறது: பிறந்து வளர்ந்த பிறகு அழித்தபோது இனப்பெருக்கம் நின்றது. வளரும் மூளை மாற்றுவழி தேடிக்கொள்கிறது. வளர்ந்த மூளையால் அது முடிவதில்லை. கோழிக்குக் கிஸ்பெப்டின் மரபணுவே இல்லையே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கோழியின் பிட்யூட்டரியும் ஜி.என்.ஆர்.எச். ஏற்பி வழியாகவே கட்டளை பெறுகிறது. இனப்பெருக்கச் சுரப்பை அடக்கும் ஒரு மூளைப் புரதக்கூறு முதலில் 2000இல் கண்டறியப்பட்டதே காடை என்னும் பறவையிடம்தான். அதுவும் தனக்குரிய ஏற்பியில் இணைந்துதான் வேலை செய்கிறது.