திறந்தவெளி அரங்கில் ஒலிபெருக்கி

திருவனந்தபுரம் கோட்டைக்குள் குதிரமாளிகை அரண்மனையை ஒட்டி அமைந்துள்ள நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் கச்சேரி நடைபெறுகின்றது. மண்டபத்தின் மேற்புறத்தில் மண்பானைகள் கவிழ்த்துக் கட்டப்பட்டுள்ளன. ஒலி நன்கு பரவும் பொருட்டு முன்னோர் செய்த ஏற்பாடு அது என்பர். சுவரும் கூரையும் துணைநிற்கும் இத்தகைய சிற்றிடத்தில் பாடகரின் குரல் தானே செவிகளை எட்டிவிடும். அதே நகரில் கனகக்குன்று அரண்மனை வளாகத்திலுள்ள நிசாகந்தி திறந்தவெளி அரங்கின் நிலை வேறு. நடன விழாக்களும் திரைப்பட விழாக் காட்சிகளும் நடைபெறும் அவ்விடத்தில் ஒலிபெருக்கியின்றி எந்நிகழ்ச்சியும் இல்லை. பள்ளி மைதானத்தில் ஆண்டு விழா நடத்தும் ஆசிரியருக்கும், கிராமத்தில் கூட்டம் கூட்டும் களப்பணியாளருக்கும் அமைவது பெரும்பாலும் இவ்விரண்டாவது வகை இடமே.

முற்காலத்தில் ஆம்ப்ளிஃபையர் எனப்படும் மின்பெருக்கி மேடையருகே ஒரு மேசைமேல் இருக்கும். கூம்பு ஒலிபெருக்கிகள் கம்பங்களிலும் மரங்களிலும் தொங்கும். இரண்டையும் நீண்ட கம்பி இணைக்கும். இன்று பரவலாக வழங்கும் 'பவர்டு ஸ்பீக்கர்' வகையில் மின்பெருக்கி பெட்டியின் முதுகிலேயே பொருத்தப்பட்டுள்ளது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கி வெளியிட்ட அசையும் சுருள் தத்துவமே இப்பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் இயங்குகின்றது. எந்தப் பெருக்கிக்கு எந்த ஒலிபெருக்கி பொருந்தும் என்று ஓம் கணக்குப் பார்க்கும் தொல்லை இதனால் ஒழிந்தது. ஆனால், ஒவ்வொரு பெட்டிக்கும் 230 வோல்ட்டு மின்சாரம் சென்றாக வேண்டும். முன்பு மேசையோடு நின்ற மின்சாரம் இப்போது மக்கள் நடுவே, மழையில் நனைந்த புல்லின் மேலாகச் செல்கின்றது. புதிய கோளாறுகள் பலவற்றிற்கும், ஒரு பேராபத்துக்கும் இதுவே பிறப்பிடம்.

அப்பேராபத்து ஒரு சிறிய தொல்லையிலிருந்து தொடங்குகின்றது. பெட்டியை இயக்கியவுடன் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்கும். மேடையருகிலுள்ள மிக்ஸர் ஒரு சாக்கெட்டிலும், தொலைவிலுள்ள பெட்டி வேறொரு சாக்கெட்டிலும் மின்சாரம் பெறும்போது இரண்டின் எர்த்து இணைப்புகளுக்கிடையே சிறிது மின்னழுத்த வேறுபாடு இருத்தல் இயல்பு. அவ்வேறுபாடு ஒலிக்கம்பியின் உறை வழியே மின்னோட்டத்தைச் செலுத்த, 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் ஒலியாக வெளிப்படுகின்றன. உடனே அனுபவசாலி எனப்படுபவர் ஒருவர் பிளக்கின் பெரிய முளையை ஒடித்துவிடுகின்றார். அல்லது எர்த்துக் கம்பியைக் கழற்றிவிடுகின்றார். ரீங்காரம் நின்றுவிடும், அனைவரும் பாராட்டுவர். பின்னர் என்றேனும் பெட்டிக்குள் மின்காப்பு பழுதுற்றால், அதன் உலோகப் பகுதி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஒலிக்கம்பியின் உறை அந்த அழுத்தத்தை மைக் வரையிலும் கொண்டு செல்லக்கூடும். ஈரக் கையின் வழியே உடலின் தடை 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். அந்நிலையில் பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். உயிர் போவதற்கு அதில் ஒரு பகுதியே போதும். மைக்கைப் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ என்பதைப் பள்ளி ஆசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ரீங்காரத்தைப் போக்க நேரிய வழிகள் உள்ளன. மிக்ஸர், பெட்டிகள், மேடைக் கருவிகள் யாவும் ஒரே பகிர்வுப் பலகையிலிருந்து, ஒரே பேஸில் மின்சாரம் பெறல் வேண்டும். அலங்கார விளக்குகளுக்கும் ஒளிகுறைப்பான்களுக்கும் வேறு பேஸ் ஒதுக்குதல் நன்று. ஒலிக்கம்பிகள் இரு உட்கம்பியும் உறையும் கொண்ட சமநிலை வகையினவாக இருத்தல் வேண்டும். அதன் பின்னரும் ரீங்காரம் நீடிப்பின், ஒலிக்கம்பியின் இடையே பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இணைக்கலாம். மின்சாரக் கம்பியின் எர்த்தில் மட்டும் எவரும் கைவைத்தலாகாது. பலகையின் தொடக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருத்தல் இன்றியமையாதது.

மற்றொரு தொல்லை, பாட்டு உச்சத்தை எட்டும்போதெல்லாம் பெட்டி திணறுவதும் அணைந்து எரிவதுமாகும். பெட்டி பழுதென்று பலர் அதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். குற்றம் பெரும்பாலும் கம்பியினுடையது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டர் தொலைவுக்கு, போகவும் வரவுமாக, சுமார் 2.5 ஓம் தடை உண்டு. பல பெட்டிகளுக்காக அதில் 10 ஆம்பியர் ஓடினால் 25 வோல்ட்டு வழியிலேயே இழக்கப்படும், கம்பியும் சூடேறும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு ஏறத்தாழ 7 வோல்ட்டே. இதற்கு நேர்மாறான விபத்து மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுவதால் நேர்வது. அப்போது ஒரு பேஸில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கலாம், பெட்டிகள் புகைந்துவிடும். ஆதலின் பெட்டிகளை இணைக்குமுன், ஜெனரேட்டரோ வாரிய மின்சாரமோ எதுவாயினும், மீட்டர் கொண்டு அளந்து பார்த்தல் கடமையாகும்.

இனி, பெட்டிகளை நிறுத்தும் இடம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறைகின்றது. பெட்டிக்கு 5 மீட்டரில் அமர்ந்தவருக்கும் 40 மீட்டரில் அமர்ந்தவருக்கும் 18 டெசிபெல் வேறுபாடு. கடைசி வரிசைக்காக ஒலியைக் கூட்டினால் முதல் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வர். பெட்டியை உயரமான தாங்கியில் ஏற்றிச் சற்றே முன்சாய்த்தால் இவ்வேறுபாடு குறையும். கூட்டம் நீளமாயின் நடுவே இரண்டாவது இணையை நிறுத்தலாம். ஆனால் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டரே செல்லும். 30 மீட்டர் கடக்க 86 மில்லி நொடி ஆகும். மின்சாரமோ அந்தக்கணமே சென்றுவிடுகின்றது. எனவே பின்னிணை முந்திப் பேச, மேடை ஒலி எதிரொலிபோல் பிந்தி வந்து சொற்களைக் குழப்பும். பின்னிணைக்குத் தாமதக் கருவியால் 86 மில்லி நொடியும், மேலும் ஒரு பத்தும் கொடுத்தல் வேண்டும். முதலில் வந்த ஒலியின் திசையையே செவி நம்பும் என ஹெல்மூட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949இல் காட்டினார். எனவே அச்சிறு கூடுதல், குரல் மேடையிலிருந்தே வருவதாகக் கேட்போருக்குத் தோன்றச் செய்யும்.

ஊளைச் சத்தத்துக்குக் காரணம் யாவரும் அறிந்ததே: பெட்டியின் ஒலி மைக்குக்குள் மீண்டும் புகுதல். பெட்டிகள் மைக்குக்கு முன்புறமாக நிற்க வேண்டும். பேசுபவர் மைக்கை நெருங்க வேண்டும். பயன்படாத மைக்குகள் மூடப்பட வேண்டும். திறந்த மைக்குகள் இரட்டிக்குந்தோறும் 3 டெசிபெல் இடம் பறிபோகின்றது.

ஒலியே வரவில்லையாயின் வழியைப் பாதியாகப் பிரித்துத் தேடுதல் சிறந்த முறை. மிக்ஸரின் விளக்குகள் குரலுக்கேற்ப எரிந்தால் அதுவரை குற்றமில்லை. அப்பாலுள்ள கம்பியை மாற்றிப் பார்க்கலாம். கரகரப்புக் கேட்டால், பெட்டியின் பின்புறம் 'மைக்', 'லைன்' என்ற விசையைப் பார்க்க வேண்டும். மைக் தருவது சில மில்லி வோல்ட்டு. மிக்ஸர் தருவது ஒரு வோல்ட்டு அளவு. பகல் வெயிலில் அரைமணி ஒலித்து, ஓய்ந்து, சிறிது நேரத்தில் தானே உயிர்பெறும் பெட்டிக்கு நோய் ஒன்றுமில்லை. சூடு மிகுந்ததால் காப்பு விசை துண்டித்துள்ளது. முதுகுப்புறத்துக்கு நிழலும் காற்றும் போதும். கடலோர நகரங்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளைக் களிம்பேறச் செய்வதால், 'கொரகொர' என்ற விட்டுவிட்டு வரும் கோளாறுகளுக்கு முனைகளைத் துடைத்தலே பாதி மருந்து.

கனகக்குன்றுக்கு அருகிலேயே விலங்குக் காட்சிசாலை உள்ளது. தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து மேற்காற்று வெப்பமாக நிற்குமாயின், ஒலி கீழ்நோக்கி வளைந்து, பகலில் எட்டாத தொலைவையும் எட்டும். மாலையில் சரியாக இருந்த ஒலி இரவு 9 மணிக்கு அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாவது இதனாலேயே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அரங்க எல்லையில் அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபெல் கூடுதல், அல்லது 75 டெசிபெல், இவற்றுள் எது குறைவோ அதுவே வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை, மாநில அரசு விலக்கு அளிக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் பெட்டிகளையும் பின்னரே மிக்ஸரையும் அணைத்தல் வேண்டும். முறை மாறினால் எழும் 'டம்' என்ற அடி ஒலிச்சுருளைத் தாக்கும்.