இணைப்பு அறுந்தால் கிடைப்பது கழிவு, இழப்பீடு அல்ல

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பித் தரும் ஒரு சிறிய கடை. இணைய இணைப்புக்கு மாதம் 300 வெள்ளி கட்டுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்பு போய், மாலை நான்கு மணிக்குத்தான் திரும்ப வருகிறது. அந்த ஆறு மணி நேரத்துக்கு நிறுவனம் என்ன கொடுக்கும்?

பதில் ஒப்பந்தத்தின் ‘சேவைத் தரம்’ பகுதியில் இருக்கிறது. மாதத்தில் 99.9 விழுக்காட்டு நேரம் இணைப்பு இருக்கும் என்று எழுதியிருந்தால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் அறுந்தாலும் வாக்கு மீறப்படவில்லை என்று பொருள். அதைத் தாண்டினால்தான் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவு. 10 விழுக்காடு என்றால் 30 வெள்ளி. திரும்பிப் போன வாடிக்கையாளர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கழிவைத் தவிர வேறெதுவும் கோர முடியாது என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் உண்டு.

அந்த 30 வெள்ளியும் பெரும்பாலும் தானாக வராது. புகார் பதிவான பிறகே நேரம் எண்ணப்படுவது வழக்கம். மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்த இரண்டு மணி நேரம் வீண்தான். அறிவித்துச் செய்யும் பராமரிப்பும் கடையின் சொந்தக் கருவிப் பழுதும் கணக்கில் சேரா. கெடு முடியுமுன் எழுத்து மூலம் கேட்கவும் வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வைப்பவர்கள் எத்தனை பேர்?

வீட்டு இணைப்புகளுக்கு இத்தகைய உறுதி அரிது. 2020 ஏப்ரல் 15ஆம் தேதி சேவை தடைப்பட்டபோது ஸ்டார்ஹப் கட்டணத்தில் 20 விழுக்காடு கழித்துக் கொடுத்தது.

அதிகாரிகள் தட்டிக் கேட்க மாட்டார்களா? கேட்பார்கள். 2013 அக்டோபர் 9ஆம் தேதி புக்கிட் பாஞ்சாங்கில் சிங்டெல் இணைப்பகத்தில் தீப்பிடித்தது. அதற்காக 2014இல் சிங்டெல்லுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அபராதம் கடைக்காரரின் கைக்கு வருவதில்லை.

அந்தத் தீயில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஸ்டார்ஹப், எம்1 வாடிக்கையாளர்கள் சிலரும் இணைப்பை இழந்தனர். அவர்களுக்கான கண்ணாடி இழைக் கம்பிவடங்களும் அதே கட்டடம் வழியாகவே சென்றன. இரண்டாவது இணைப்பு எடுக்கும் கடைக்காரர் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. புதிய கம்பி எந்த இணைப்பகம் வழியாக வருகிறது என்று கையெழுத்திடுமுன் கேட்க வேண்டும்.