பழைய வழக்கும் புதிய விசாவும்

மறியலில் பிடிபட்டுக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டு மாலையில் வெளியே வந்தவர்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டி நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர்கள், பங்காளித் தகராறில் எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும்போதுதான் அது நினைவுக்கு வரும். "முடிஞ்சுபோன கேஸ்தானே சார், 'இல்லை'ன்னு போட்டுடலாம்" என்பார் ஏஜென்ட். அங்கேதான் ஆபத்து.

என்ன கேட்கிறார்கள்?

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம் தண்டனையை மட்டுமல்ல, எப்போதாவது கைதானீர்களா என்பதையும் கேட்கிறது. ஆகவே, கைதாகிப் பின்னர் விடுதலையானவரும் 'ஆம்' என்றே குறிக்க வேண்டும். மண்டபத்தில் வைக்கப்பட்டது கைதாகப் பதிவானதா என்பதை வழக்கறிஞர் மூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு கேள்வி மாறும். வரி விடாமல் படியுங்கள்.

மறைத்தால்?

முக்கியத் தகவலில் தெரிந்தே பொய் சொன்னால், அமெரிக்காவில் நுழையும் தகுதியே ஆயுளுக்கும் போய்விடும். பிறகு விதிவிலக்குக் கேட்டுத்தான் போக முடியும். கனடாவில் தடை 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு வரை. படிவத்தை நிரப்பியவர் ஏஜென்ட் என்றாலும் பொறுப்பு உங்களுடையதே.

சொன்னால்?

எல்லா வழக்கும் விசாவைத் தடுப்பதில்லை. ஒரே ஒரு சிறு குற்றம், அதற்கான உச்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது, விதிக்கப்பட்டதும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால் அமெரிக்கச் சட்டம் விலக்குத் தருகிறது. கடுமையல்லாத ஒரே குற்றமாக இருந்து, தண்டனை முடிந்து 10 ஆண்டு கடந்திருந்தால், கனடா பெரும்பாலும் அவரைத் திருந்தியவராகவே கருதும். பிரிட்டன் கறாரானது: 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு, அது எத்தனை பழையதானாலும், பார்வையாளர் விசா பொதுவாகக் கிடைக்காது.

செய்ய வேண்டியவை

எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். அபராத ரசீதையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துவையுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழில் ஒன்றும் இல்லை என்பதற்காக, கைதானதே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால், வெளிநாடு செல்ல நீதிமன்ற அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள்.

படிவத்தில் ஏற்கெனவே தவறாகக் குறித்திருந்தால், நேர்காணலில் அதிகாரி கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லித் திருத்துங்கள். பிடிபட்ட பின் சொல்லும் உண்மைக்கு அந்த மதிப்பு கிடையாது.